உரியவரிடம் ஒப்படைத்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், வையம்பட்டியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர் அதனை உடையவரிடமே சேர்ப்பிக்கும் செயலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. திருப்பித் தருதல், திருப்பிக் கொடுத்தல், மீளளித்தல், கையளித்தல், ஒப்புவித்தல், ஒப்படைத்தல் என அவை நீளும். இவற்றுள் அரசாணைகளும் நாளிதழ்களும் மிகுதியாக ஆள்வது ஒப்படைத்தல் என்பதே. வழியில் கண்டெடுத்த பணப்பையைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கின்றனர். களவுபோன நகை மீட்கப்பட்டு உரியவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஓய்வு பெறும் அலுவலர் தம் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். பிடிபட்ட திருடனை ஊரார் போலீசாரிடம் ஒப்படைக்கின்றனர்.

நான்கிற்கும் வினை ஒன்றுதான். ஆயினும் நகை ஒன்றே இவற்றுள் உடையவரைச் சென்றடைகிறது. பணப்பை இடைக்காவலுக்குப் போகிறது. பொறுப்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிறது. திருடன் யாருக்கும் உடைமை ஆகான். வினை ஒன்றாயிருப்பதனால் இவ்வேறுபாடு எவர் கண்ணிலும் படுவதில்லை. அதனைப் பிரித்துக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம். இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் செய்தியன்று. நிலத்தையும் கோயில் திருமேனியையும் இழந்தவர்கள் எந்தச் சொல்லால் அவற்றைக் கேட்பது, வைத்திருப்பவர் எந்தச் சொல்லால் அவற்றை விடுவது என்னும் வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

கேட்பவர் நிலை

தொல்காப்பியச் சொல்லதிகாரத்து எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களும் ஒருங்கே வைத்துப் பேசப்படுகின்றன. மூன்றும் ஒன்றை வேண்டிக் கேட்கும் சொற்கள். கேட்பவர் தாழ்ந்த நிலையினராயின் ஈ என்பார்; ஒத்த நிலையினராயின் தா என்பார்; உயர்ந்த நிலையினராயின் கொடு என்பார். இம்மூன்றையும் ஈகையின் வகைகளாகக் கொள்வோர் பலர். நூலின் கருத்து அதுவன்று. கொடுப்பவரைக் கொண்டு அது சொல்லை அளக்கவில்லை. கேட்பவரைக் கொண்டே அளக்கிறது.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு நுட்பமும் அங்கே உண்டு. தருதல் என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது. கொடுத்தல் படர்க்கைக்கு உரியது. எனக்குத் தா, அவனுக்குக் கொடு என்று இன்றும் சிற்றூர்களில் பேசுவோர் இவ்வழக்கைக் காத்து வருகின்றனர். அங்ஙனமாயின் உயர்ந்தோன் தனக்கென ஒன்றைக் கேட்கும்போது கொடு என்பது எவ்வாறு பொருந்தும்? தன்னைப் பிறன்போல் வைத்துக் கூறும் குறிப்பினால் அது பொருந்தும் என்று தொல்காப்பியர் அமைதி காட்டுகிறார்.

தன் பொருளைத் திரும்பக் கேட்பவர் நிலை இதுவே. அவர் தம் தேவையைச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. ‘இதற்கு உரியவர் ஒருவர் உளர், அவருக்கு இதனைக் கொடு’ என்கிறார். அந்த உரியவர் தாமாகவே இருப்பினும், உரிமையைத் தமக்கு வெளியே நிறுத்திப் பேசுகிறார். ‘எங்கள் நிலத்தைத் திருப்பிக் கொடு’ என்னும் முழக்கம் மரியாதை குறைந்த பேச்சு என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. தொல்காப்பிய நெறியால் நோக்கின், அது உயர்ந்தோர் கூற்று.

திருப்புதலும் மீட்டலும்

திரும்பினான் என்பது தன்வினை. திருப்பினான் என்பது பிறவினை. மீண்டான் என்பது தன்வினை. மீட்டான் என்பது பிறவினை. இவ்விரு சோடிகளும் பொருளில் நெருங்கியவை. ஆனால் உடைமை பற்றிய பேச்சில் இவற்றின் எழுவாய் யார் என்பது கவனிக்கத்தக்கது.

அடகு வைத்த நகையைத் திருப்பினேன் என்பது தமிழகத்துப் பேச்சு வழக்கு. இங்கே நகையைத் திருப்பியவர் அடகுக் கடைக்காரர் அல்லர். பணம் கட்டிய உடையவரே. ஒத்திக்கு விட்ட நிலத்தைத் திருப்பினார் என்றாலும் அப்படியே. எழுத்து வழக்கில் இது மீட்டல் ஆகும். 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அடமானம் வைத்தவர்க்கு உரிய மீட்புரிமையைக் கூறுகிறது. கடனைத் தீர்த்தவுடன் பொருளை விடுவது பெற்றவர் கருணையைப் பொறுத்ததன்று. வைத்தவர்க்கு அது உரிமை. ஆகவே மீட்டல் என்னும் வினை உடையவரைச் செயலாளர் ஆக்குகிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. மீட்டவரைச் சொல்லும் இவ்வினை, வைத்திருந்தவர் செய்ய வேண்டிய கடமையைச் சொல்லாமல் விடுகிறது. தவறாக வைத்திருந்தவர் தாமே முன்வந்து சேர்ப்பிக்கும்போது அவரை எழுவாயாகக் கொள்ள மீட்டல் உதவாது. அந்த இடத்தில்தான் ஒப்படைத்தல் தேவைப்படுகிறது.

1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவு இக்கடமையை வரையறுக்கிறது. ஒரு தீர்ப்பாணையால் சொத்துக் கைமாறிவிடுகிறது. பின்னர் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பாணை நீக்கப்படுகிறது. அப்போது பெற்றவர் பெற்றதை விடவேண்டும். அத்தீர்ப்பாணை பிறவாதிருந்தால் இருதரப்பாரும் எந்நிலையில் இருந்திருப்பரோ, இயன்ற அளவு அந்நிலையில் அவர்களை நிறுத்த வேண்டும். பொருள் மட்டும் திரும்பினால் போதாது, நிலையும் திரும்ப வேண்டும் என்பது இதன் கருத்து. இவ்வளவு பொருளையும் தாங்கும் ஒற்றைத் தமிழ் வினை வழக்கில் இல்லை. ஒப்படைத்தலோடு அடைசொற்கள் சேர்ந்தே அதனைத் தாங்க வேண்டியிருக்கிறது.

ஒப்படைத்தல் சொல்வதும் சொல்லாததும்

ஒப்புதல் என்பது உடன்படுதல். ஒப்புவித்தல், ஒப்படைத்தல் ஆகிய இரண்டிலும் இந்த ஒப்பு உள்நிற்பது தெரிகிறது. பெறுபவர் ஏற்க, தருபவர் விட, இருவர் அறிய நிகழும் கைமாற்றமே ஒப்படைப்பு. மேசைமேல் வைத்துவிட்டுப் போவது ஒப்படைப்பு ஆகாது. பள்ளிப் பிள்ளை ஆசிரியர் முன் பாடம் ஒப்புவிக்கிறது. ஆசிரியர் கொடுத்ததனைக் குறையாமல் அவர் செவியறியத் திரும்ப வைப்பது அது. எண்ணிக் காட்டி, சரிபார்த்து, ஏற்கச் செய்வது இவ்வினையின் சிறப்பு.

இனி, இது கொள்ளும் வேற்றுமையைக் காண்போர்க்கு இதன் எல்லை விளங்கும். கொடு என்னும் வினை நான்காம் வேற்றுமையையும் கொள்ளும், இடம் என்னும் உருபையும் கொள்ளும். ‘தம்பிக்குப் பணம் கொடுத்தான்’ என்றால் பணம் தம்பியுடையது ஆயிற்று. ‘தம்பியிடம் பணம் கொடுத்தான்’ என்றால் பணம் தம்பி கையில் இருக்கிறது. யாருடையது என்பது தெரியவில்லை. ஒப்படைத்தல் இயல்பாக இடம் என்பதனையே கொள்கிறது. அவரிடம் ஒப்படைத்தான் என்பதே வழக்கு. எனவே இவ்வினை கையைச் சொல்கிறதேயன்றி உரிமையைச் சொல்வதில்லை. உரியவரிடம் என்னும் அடைசொல் இதனோடு அடிக்கடி வந்து ஒட்டிக்கொள்வதன் காரணம் இதுவே. வினை விட்ட குறையை அச்சொல் நிரப்புகிறது.

காதலியிடம் இதயத்தை ஒப்படைத்ததாகப் பாடும் இளங்கவிஞர்கள் இவ்விலக்கணத்தை நினைவில் கொள்ளலாம். அவர்கள் கொடுத்துவிடவில்லை, வைத்திருக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

வருவாய்த் துறை மட்டும் இவ்வினையை வேறு பொருளில் ஆள்கிறது. அரசு நிலத்தை நிலமற்ற ஏழைகட்கு உரிமையாக்கித் தருவது அங்கே நில ஒப்படை எனப்படும். வருவாய் நிலையாணை எண் 15 இதற்குரிய விதிகளைக் கூறுவது. இங்கே இடம் போய்க் குவ்வுருபு வந்துவிடுகிறது. கையும் மாறுகிறது, உரிமையும் மாறுகிறது. ஆனால் திரும்ப வருதல் என்னும் பொருள் இதில் சிறிதும் இல்லை.

அரங்கத்தில் ஒரு மீட்சி

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் உரிய இடத்திற்குத் திரும்பிய பொருள் எது என்று கேட்டால், முதலில் நினைவுக்கு வருவது திருவரங்கத்து உற்சவர் திருமேனியே. 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது பிள்ளை லோகாசாரியரும் உடன் சென்றோரும் அதனைக் கோயிலிலிருந்து மறைவாக எடுத்துச் சென்றனர். அது மதுரைப் பக்கம், மலையாள நாடு, கன்னட நாடு, திருமலை எனப் பல இடங்களில் தங்கியது. விசயநகரத் தளபதி கோபணாரியர் செஞ்சியில் வைத்துக் காத்து, 1371இல் மீண்டும் அரங்கத்தில் எழுந்தருளச் செய்தார். அச்செயலைக் கூறும் கல்வெட்டு அக்கோயிலில் உள்ளது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 48 ஆண்டுகள்.

திரும்பி வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது என்று கோயிலொழுகு மரபு கூறும். இடைக்காலத்தில் வேறொரு திருமேனி அங்கே வழிபாட்டில் இருந்தது. வந்தது பழைய திருமேனிதானா என்று உறுதி கூறப் பழைய தலைமுறையினர் எவரும் எஞ்சவில்லை. முதுமையால் பார்வை இழந்த சலவைத் தொழிலாளி ஒருவரே எஞ்சியிருந்தார். திருமஞ்சனம் செய்த ஈர ஆடையின் நீரை உட்கொண்டு, இவரே நம்பெருமாள் என்று அவர் தெளிந்து கூறினார். அன்றுதொட்டு அத்திருமேனிக்கு நம்பெருமாள் என்னும் பெயர் நிலைத்தது என்பது மரபு.

ஒப்படைத்தல் என்னும் வினையின் முழு இலக்கணமும் இந்நிகழ்ச்சியில் அமைந்திருக்கிறது. கோபணாரியர் கொண்டுவந்தார், அது விடுதல். தொழிலாளி அடையாளம் கண்டார், அது ஒப்புதல். அதற்குப் பின்பே அது அடைந்தது எனப்படும். அடையாளம் கூறியவர் அரசரும் அல்லர், ஆசாரியரும் அல்லர். நாள்தோறும் அப்பொருளோடு பழகியவர். அடியார் இதனை மீட்கப்பட்டது என்றோ ஒப்படைக்கப்பட்டது என்றோ கூறுவதில்லை, எழுந்தருளினார் என்பர். தாமே எழுந்து வந்தார் என, திரும்பி வந்ததையே எழுவாய் ஆக்கும் வழக்கு அது.

இரண்டு நடராசர்கள்

இவ்வழக்கை இலண்டன் நீதிமன்றமும் ஒருவகையில் ஏற்க நேர்ந்தது. பழைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் திருமேனி கடல் கடந்து இலண்டன் சென்றது. அதனை வாங்கியிருந்த நிறுவனத்திற்கு எதிராக அங்கே வழக்கு நடந்தது. வழக்காடியோருள் இந்திய அரசும் தமிழக அரசும் இருந்தன. அவற்றோடு சிதைந்து கிடந்த அக்கோயிலும், அங்கிருந்த சிவலிங்கமும் சேர்க்கப்பட்டிருந்தன. கோயில் தன் பெயரால் வழக்காடத்தக்கது என்பதை அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் ஏற்றது. அவ்வாண்டே நடராசர் திரும்பினார். உரியவர் யார் என்ற வினாவுக்கு அங்கே கிடைத்த விடை, இடிந்த ஒரு கோயில் என்பது.

முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்து, இன்று அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசரின் கதை வேறு. களவுபோன அத்திருமேனியை 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. அது இக்கோயிலுக்குரியதே என்பதை நிறுவப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் முன்னரே எடுத்து வைத்திருந்த நிழற்படங்கள் உதவின. அரங்கத்தில் தொழிலாளியின் நாவு செய்த பணியை இங்கே நிழற்படம் செய்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் புதுதில்லியில் இந்தியப் பிரதமரிடம் அதனை ஒப்படைத்தார்.

இந்தத் தொடரில் இடம் என்னும் உருபு நாட்டின் பிரதமரைக் குறிக்கிறது. உரியது ஸ்ரீபுரந்தான் கோயிலுக்கு. திருமேனி நாடு திரும்பிய பின் நீதிமன்ற நடைமுறைகளுக்கு உட்பட்டுக் கும்பகோணத்துத் திருமேனிப் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டது. காவல் இல்லாத கோயிலில் மீண்டும் வைத்தால் மீண்டும் களவுபோகும் என்னும் அச்சம் பொய்யானதன்று. ஆயினும் சொல்லளவில் ஓர் உண்மை விளங்குகிறது. பொருள் நாட்டிற்கு ஒப்படைக்கப்பட்டது. ஊருக்கு ஒப்படைக்கப்படுதல் வேறொரு செயல். ஒரே வினையால் இரண்டையும் சொல்லிவிட்டால், இரண்டாவது செயல் நடந்து முடிந்ததாகவே கேட்போர் கொள்வர்.

ஒரே நிலம், இரு சொற்கள்

திருமேனிக்கு நேர்ந்தது நிலத்திற்கும் நேரும். செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி 1891இல் அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்து, அம்மக்களுக்கு நிபந்தனையுடன் நிலங்களை ஒப்படை செய்தது. முதல் பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தைக் கைமாற்றக் கூடாது. அதன் பின்பும் அவ்வகுப்பினர்க்கே மாற்றலாம் என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் எனப்படுவது இதுவே. நிபந்தனையை மீறி அந்நிலங்கள் பல பிறர் கைக்குப் போயின.

நூறாண்டு கழித்து அதே நிலத்திற்காக மக்கள் எழுந்தபோது அவர்கள் ஆண்ட சொல் மீட்பு. செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணையில் 1994இல் நடந்த பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தை ஒட்டி அக்டோபர் 10ஆம் நாள் போலீசார் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். 1892இல் ஒப்படை, 1994இல் மீட்பு. முதற்சொல்லில் அரசு எழுவாய். இரண்டாம் சொல்லில் மக்கள் எழுவாய். இரண்டிற்கும் நடுவில் நிகழ வேண்டியிருந்த ஒரு செயலுக்கு எழுவாய் ஆக எவரும் முன்வரவில்லை. நிலத்தை வைத்திருந்தவர்கள் அதனை உரியவரிடம் ஒப்படைத்தனர் என்னும் தொடரே அது. அத்தொடர் எழுதப்படாத இடத்தில்தான் மீட்பு என்னும் சொல்லுக்கு இரத்தம் சிந்த வேண்டி வந்தது.

ஈழத்தமிழர் வழக்கும் இங்கே ஒப்பிடத்தக்கது. நிலத்தை அவர்கள் காணி என்பர். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த பின் அவர்தம் காணிகள் படையினர் வசமாயின. பின்னர்ப் பகுதி பகுதியாகத் திரும்பின. முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவில் 2017இல் மக்கள் தம் காணிகளின் வாயிலிலேயே அமர்ந்து போராடினர். அங்கே இதற்கு வழங்கும் சொல் காணி விடுவிப்பு. விடுவித்தல் என்பது சிறைப்பட்டதை வெளியே விடுதல். நிலம் விடுபட்டது என்று அச்சொல் கூறும்; யாரிடம் சேர்ந்தது என்று கூறாது. வேலியும் கிணறும் வீடும் முன்பிருந்த நிலையில் இருந்தனவா என்று அறவே கூறாது. ஆவணத்தில் விடுவிப்பு நிறைவேறிய நாளில், உடையவர் இடிந்த சுவரின் முன் நிற்கவும் கூடும்.

மனுவில் ஒரு திருத்தம்

தமிழில் எழுதப்படும் மனுக்களைக் காண்போர்க்கு ஒரு செய்தி புலப்படும். தம் சொந்த நிலத்தின் பட்டா பிறர் பெயரில் தவறாக ஏறிவிட்டது என்று எழுதும் உழவர், அதனை ‘வழங்கி அருளுமாறு மிகத் தாழ்மையுடன் வேண்டுகிறேன்’ என்று முடிக்கிறார். அருளுதல் தெய்வத்தின் செயல். வழங்குதல் வள்ளலின் செயல். தம் உடைமையைக் கேட்பவர் இரவலராகத் தம்மை எழுதிக்கொள்கிறார். விடையளிக்கும் நாளில் செய்தித்தாளும் பட்டா வழங்கப்பட்டது என்றே எழுதுகிறது. பிழை எங்கே நேர்ந்தது என்ற வினா அச்சொல்லோடு புதைந்துவிடுகிறது. புதியதாகத் தரப்படுவதற்கு வழங்குதல் பொருந்தும். இழந்ததைத் திரும்பச் சேர்ப்பதற்கு அது பொருந்தாது.

ஆதலின், இவ்வினையை ஆள்வோர் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளுதல் நலம். பொருள் யாருடையது? அது எவ்வாறு பிறர் கைக்குப் போயிற்று? இப்போது அது சேர்வது உடையவரையா, இடையில் உள்ளவரையா? புதிதாகத் தருவதாயின் வழங்குதல் அமையும். காவலுக்கோ பொறுப்பிற்கோ கைமாற்றுவதாயின் ஒப்படைத்தல் மட்டும் போதும். உடையவர் தம் முயற்சியால் பெறுவதாயின் மீட்டல் என்க. பிறர் பொருளை வைத்திருந்தவர் உடையவரிடம் சேர்ப்பிப்பதாயின் உரியவரிடம் மீள ஒப்படைத்தல் என்று நிறைவாகச் சொல்லுக. சொல் நீள்கிறது என்று சுருக்குவோர், உரியவர் என்பதனையோ மீள என்பதனையோதான் வெட்டுவர். முன்னதை வெட்டினால் உடைமை மறையும். பின்னதை வெட்டினால் இழப்பு மறையும்.

கவிஞர்க்கு இதில் பங்குண்டு. ஊரில் மனு எழுதத் தெரிந்தவர் என்று அயலார் தேடி வருவது பெரும்பாலும் கவிதை எழுதுவோரைத்தான். அம்மனுவின் இறுதி வரியில் ‘எங்களுக்கு உரிய நிலத்தை எங்களிடம் மீள ஒப்படைக்க வேண்டும்’ என்று எழுதித் தருவது எளிது. அதில் அவமதிப்பு ஏதுமில்லை, இரப்பும் இல்லை. கேட்பவர் நிலையைக் கொண்டு சொல்லை அளந்த மொழி இது. கேட்பவர் நிமிர்ந்து நிற்கத்தக்க சொல்லை அது முன்பே ஆக்கி வைத்திருக்கிறது. அதனை எடுத்து உரியவர் கையில் சேர்ப்பது எழுதுவோர் கடன்.